நாகர்கோவில் தபால்தலைக் கண்காட்சி: சங்கு பகுதிக்காகவே போகலாம்

நாகர்கோவிலில் சேகரிப்பாளர்கள் சிலர் சேர்ந்து ஒரு மண்டபத்தில் தபால்தலைக் கண்காட்சி வைத்திருக்கிறார்கள், ஞாயிறு மாலை வரை இருக்குமாம். நேரம் குறைவாக இருந்தால் வாசல் பக்கம் உள்ள பூ, பட்டாம்பூச்சி, கால்பந்து எல்லாவற்றையும் தாண்டி நேராகத் திருவிதாங்கூர் (பழைய மன்னர் சமஸ்தானம்) பகுதிக்குப் போய்விடுங்கள்.

1956 வரை குமரி மாவட்டத்துக்காரர்களான நாம் அந்தப் பக்கம்தானே இருந்தோம். திருவிதாங்கூருக்கென்று தனி அஞ்சல் துறை இருந்தது, 1888-லிருந்து சொந்தத் தபால்தலையும் உண்டு, 1951 ஏப்ரலில்தான் அது இந்தியத் தபால் துறையோடு சேர்ந்தது. ஆரம்பகாலத் தபால்தலைகளில் ராஜா முகம் கிடையாது, நடுவில் சங்கு மட்டும்தான். விலை சக்கரம் என்ற திருவிதாங்கூர் நாணயத்தில் (16 காசு ஒரு சக்கரம்). கிட்டப் போய்ப் பாருங்கள்: பல தலைகளில் ஓரத்துத் துளைகள் கோணலாக ஓடி, சங்கு ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கும். மூன்று நான்கு தலைகளை வரிசையாகப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் மை ஒவ்வொரு அடர்த்தி. நான் அதிக நேரம் நின்றது இங்கேதான்.

அடுத்த கண்ணாடிச் சட்டத்தில் இருப்பது 1939-ல் சித்திரைத் திருநாள் மகாராஜாவின் 27-வது பிறந்தநாளுக்கு வந்த வரிசை. ஏழு சக்கரத் தலையில் கன்னியாகுமரி, பதினான்கு சக்கரத் தலையில் பேச்சிப்பாறை அணை. என் மகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு "அப்பா, இது நம்ம பேச்சிப்பாறையா?" என்று கேட்டாள். அதே தலைகள்மேல், 1949-ல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்த பிறகு, கறுப்பு மையில் அணாக் கணக்கில் புது விலையை அடித்திருக்கிறார்கள். பழைய படம், புது நாணயம், இரண்டும் ஒரே துண்டுக் காகிதத்தில்! இதை எங்கள் பள்ளியில் யாரும் காட்டியதில்லை.

குறை என்றால் விளக்கக் குறிப்புகள்தான். எல்லாம் ஆங்கிலத்தில், அதுவும் கேட்டலாக்கிலிருந்து அப்படியே எடுத்த இரண்டு வரி. தலையில் இருப்பது குலசேகரம் பக்கத்து அணை என்று தமிழில் ஒரு வரி எழுதிப் போட்டிருந்தால் வந்த பிள்ளைகள் அத்தனை பேரும் அங்கே நின்றிருப்பார்கள். பாதிப் பேர் பார்க்காமலே கடந்து போனது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. ட்யூப்லைட் வெளிச்சம் வேறு பிளாஸ்டிக் உறையில் பட்டுக் கண்ணைக் கூசுகிறது. உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றே ஒன்றுதான், கேட்டால் தருகிறார்கள், கேளுங்கள்.

சுதந்திரத்துக்குப் பிந்தைய பகுதி சுமார். தேரூர் கவிமணிக்கு 2005-ல் வந்த தலையைப் பார்த்ததில் சந்தோஷம், அவ்வளவுதான்.

விற்பனை மேசைகளில் அவசரப்பட வேண்டாம். சாதாரண சங்குத் தலைகள் அப்படியொன்றும் அபூர்வம் இல்லை, "நூறு வருஷப் பழசு" என்று சொல்லி விலை சொன்னால் இரண்டு மேசையில் விசாரித்துவிட்டு வாங்குங்கள். அப்புறம் ஒன்று: வீட்டில் பழைய அஞ்சல் கவர் ஏதாவது கிடந்தால் தலையைக் கிழித்து எடுத்துவிடாதீர்கள். எந்த ஊர் முத்திரை, எந்தத் தேதி என்பதெல்லாம் கவரோடு இருந்தால்தான் தெரியும், சேகரிப்பவர்களுக்கு அதுதான் முக்கியம். முழுதாகவே எடுத்துப் போங்கள், இடது ஓரத்து மேசையில் இருக்கும் பெரியவர் காசு வாங்காமல் பொறுமையாகப் பார்த்துச் சொல்கிறார்.