அம்மாவின் தோளும் ஒரு வரி ரிப்போர்ட்டும்

மெல்போர்னிலிருந்து மூன்று வார விடுப்பில் திருச்சிக்கு வந்தேன். அதில் பாதி அம்மாவின் இடது தோளுக்கே போனது. இரண்டு வருடங்களுக்கு முன் அம்மாவுக்கு இடது மார்பில் புற்றுநோய். அறுவை சிகிச்சை செய்து, அக்குள் நெறிக்கட்டிகளையும் எடுத்து, கதிர்வீச்சும் கொடுத்திருந்தார்கள். வந்த அன்றே கவனித்தேன், அம்மாவுக்குத் தலை பின்ன கை எழவில்லை. அத்தைதான் கொண்டை போட்டுவிட்டார். ராத்திரி அந்தப் பக்கம் ஒருக்களித்தால் வலியில் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார்.

புற்று உடலில் எங்காவது இருக்கிறதா என்று காட்டும் பெட் (PET) ஸ்கேன் எடுத்த இடத்தில் கவனிப்பு நன்றாகவே இருந்தது. ஆறு மணி நேரம் வெறும் வயிறு, விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள், ஸ்கேன் மருந்தை ஊசியில் போட்டபின் ஒரு மணி நேரம் அசையாமல் படுக்கை. அம்மா நடுங்கியதைப் பார்த்து நர்ஸ் இன்னொரு போர்வை கொண்டுவந்தார். ஆனால் ரிப்போர்ட் இரவு ஒன்பது மணிக்கு வாட்ஸாப்பில் வந்தது. இடது தோள்மூட்டில் மருந்து கூடுதலாகச் சேர்ந்திருக்கிறது என்று ஒரே வரி. கேட்கலாம் என்றால் யாரும் போன் எடுக்கவில்லை. எலும்புக்குப் பரவிவிட்டது என்றே நினைத்து மொட்டை மாடியில் நின்று அழுதேன். விளக்க ஆளில்லாமல் அப்படி ஒரு வரியை யார் வீட்டுக்கும் அனுப்பக் கூடாது.

மறுநாள் டாக்டர் ரிப்போர்ட்டைத் தொடுவதற்கு முன் அம்மாவின் முழங்கையை இடுப்போடு ஒட்டிப் பிடித்து, முன்கையை மெதுவாக வெளிப்பக்கம் திருப்பினார். வலது கை சுலபமாகத் திரும்பியது. இடது கை அவர் திருப்பியும் அசையவில்லை. "நான் திருப்பினாலும் வரல பாருங்கம்மா, மூட்டு உறை இறுகியிருக்கும்போல" என்றார். ஸ்கேன் மருந்து ஒரு வகைச் சர்க்கரைதான், புற்று மட்டுமல்ல, அழற்சி உள்ள இடமும் அதை இழுத்துக்கொள்ளும் என்று எனக்கு விளக்கினார். அனுமானத்தோடு விடாமல் எம்.ஆர்.ஐ.யும் எழுதினார். எலும்பில் ஒன்றுமில்லை, அக்குள் பக்கம் மூட்டு உறை தடித்திருந்தது. ஃப்ரோசன் ஷோல்டர்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு இது அதிகம் வரும், அம்மாவுக்கும் உண்டு. அறுவைக்குப் பிறகு பயந்துபோய்க் கையை மடியிலேயே வைத்திருந்ததும் சேர்ந்துகொண்டது. சர்க்கரை ஏறும் என்பதால் மூட்டில் போடும் ஸ்டீராய்டு ஊசியைத் தள்ளிவைத்து, டாக்டர் பிசியோதெரபி சொன்னார். குணமாக ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாமாம்.

பிசியோதெரபிப் பெண் வீட்டுக்கே வந்து, சுவரில் விரல்களால் ஏறச் சொல்லி, எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டார். நான் கிளம்பிய அன்று கோடு காலண்டர் ஆணிக்கு நான்கு விரல் கீழே இருந்தது. இப்போது வீடியோ காலில் அம்மா முதலில் காட்டுவது அந்தச் சுவரைத்தான்.