அடைக்கப் போய் அகலமான ஓட்டைகள்: ஹாரி பாட்டர் ஃபேன்ஃபிக்‌ஷனில் ஒரு நெடுநாள் அனுபவம்

ஹாரி பாட்டர் வரிசையின் ஆறாம் நூல் 2005இல் வெளிவந்து, ஏழாம் நூலுக்காக 2007 ஜூலை வரை உலகமே காத்திருந்த இடைவெளியில்தான் ரசிகர்கள் எழுதும் ஹாரி பாட்டர் கதைகளை, அதாவது ஃபேன்ஃபிக்‌ஷனை, நான் படிக்கத் தொடங்கினேன். மூலக் கதை முடிந்ததும் இந்தப் பழக்கமும் முடிந்துவிடும் என்று எதிர்பார்த்தேன், முடியவில்லை. 1998இல் தொடங்கப்பட்ட ஃபேன்ஃபிக்‌ஷன் டாட் நெட்டிலும், 2009 நவம்பரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட ஆர்கைவ் ஆஃப் அவர் ஓன் என்ற காப்பகத்திலும் கிடைக்கும் இந்தக் கதைகள் அனைத்தும் இலவசம். இலவசமாகக் கிடைப்பதைக் குறை சொல்லலாமா என்று கேட்பவர்கள், ஐந்து லட்சம் சொற்கள் நீளும் ஒரு கதைக்குப் பல வார இரவுகளைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். எழுத்துப் பிழைகளையும், எல்லோர் கண்களும் மரகதமாக ஒளிர்வதையும் இங்கே பேசப் போவதில்லை. கதையின் தர்க்கத்தில் விழும் ஓட்டைகளைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன்.

மூல நூல்களிலும் ஓட்டைகள் உண்டு என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். நான்காம் நூலின் கதை 1994இல் நடக்கிறது. அந்த ஆண்டு செப்டம்பர் 1 வியாழக்கிழமை. ஆனால் கதையில் அதற்கு மறுநாள் காலை மாணவர்கள் திங்கட்கிழமைப் பாடவேளையைப் பார்க்கிறார்கள். அதே ஆண்டின் கோடையில் ஹாரியின் பெரியம்மா மகன் டட்லி ஒரு பிளேஸ்டேஷன் விளையாட்டுக் கருவியை ஜன்னல் வழியே வீசியெறிகிறான். அந்தக் கருவி ஜப்பானில் விற்பனைக்கு வந்ததே 1994 டிசம்பரில்தான். ஹாரியின் நண்பன் ரானின் அண்ணன்களான வீஸ்லி இரட்டையர்கள், பள்ளியில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று பெயரோடு காட்டும் மாரோடர் வரைபடத்தை ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தும், தங்கள் வீட்டு எலி அதில் பீட்டர் பெட்டிக்ரூ என்ற பெயரோடு திரிவதைக் கவனிக்கவில்லை; ஹாரியின் பெற்றோரைக் காட்டிக்கொடுத்துவிட்டு எலி உருவில் ஒளிந்திருந்தவன் அவன். ஒரு வீட்டின் இருப்பிடத்தை ஒருவரிடம் மட்டும் ரகசியமாக ஒப்படைத்து மறைக்கும் ஃபிடீலியஸ் மந்திரத்தில் வீட்டுக்காரரே ரகசியக் காவலராக இருக்கலாம் என்பது ஏழாம் நூலில் பில் வீஸ்லியின் குடிலைக் கொண்டு தெரியவருகிறது. அப்படியானால் ஹாரியின் தந்தை ஜேம்ஸ் பாட்டர் தன் வீட்டுக்குத் தானே காவலராக இருந்திருக்கலாமே? அந்தக் கேள்விக்கு நூல்களில் விடையில்லை.

இத்தனைக்குப் பிறகும் மூலக் கதை வாசகரைப் பிடித்து வைத்திருப்பதற்குக் காரணம், அங்கே முக்கியமான ஒவ்வொரு மந்திரத்துக்கும் ஒரு விலையோ எல்லையோ உண்டு என்பதே. வேறொருவர் உருவைத் தரும் பாலிஜூஸ் கஷாயம் காய்ச்ச ஒரு மாதம் ஆகும். குடித்தால் ஒரு மணி நேரமே நிற்கும். அதிர்ஷ்டத்தைத் தரும் ஃபெலிக்ஸ் ஃபெலிசிஸ் அளவு மீறினால் நஞ்சு. ஒன்றுமில்லாததிலிருந்து உணவை வரவழைக்க முடியாது. ரசிகர் கதைகள் பெரும்பாலும் மூலத்தின் ஓர் ஓட்டையைச் சுட்டிக்காட்டி, அதைச் சரிசெய்யும் ஆர்வத்தோடு தொடங்குகின்றன. அந்த அடைப்பு வேலையில் முதலில் கழற்றி எறியப்படுவது இந்த விலைதான். அங்கிருந்து கிணறு வெட்டப் பூதம் புறப்படுகிறது.

வெரிட்டாசீரம் என்ற உண்மைக் கஷாயத்தை எடுத்துக்கொள்வோம். பெட்டிக்ரூவின் துரோகத்துக்குப் பழி சுமந்த ஹாரியின் ஞானத்தந்தை சிரியஸ் பிளாக்குக்கு இதில் மூன்று சொட்டுக் கொடுத்திருந்தால் பன்னிரண்டு ஆண்டுச் சிறை தப்பியிருக்குமே என்று கேட்காத ரசிகர் எழுத்தாளர் இல்லை. மூலத்தில் அதற்கு விடை இருக்கிறது: போர்க்காலக் கெடுபிடியில் விசாரணையே இல்லாமல் அவரை அஸ்கபான் சிறைக்கு அனுப்பிவிட்டார்கள். அதாவது அது ஆட்சியின் குற்றம், கஷாயத்தைப் பற்றிய மறதி அன்று. ரசிகர் கதைகளில் ஐந்தாம் அத்தியாயத்தில் நீதிமன்றம் கூடுகிறது, கஷாயம் கொடுக்கப்படுகிறது, சிரியஸ் விடுதலையாகிறார், அவையோர் கண் கலங்குகிறார்கள். நல்லது. ஆனால் அந்த நிமிடத்திலிருந்து அந்த உலகத்தில் நீதிமன்றத்தில் யாரும் பொய் சொல்ல முடியாது என்றாகிறது. முப்பதாம் அத்தியாயத்தில் மந்திரவாதிகளின் அரசான அமைச்சகத்துக்குள் ஒரு சதிகாரர் இருக்கிறார் என்று தெரிந்து, அவரைக் கண்டுபிடிக்க ஆறு பேர் பல மாதங்கள் துப்புத் துலக்கும்போது, அதே கஷாயம் எங்கே போயிற்று என்று ஒருவரும் கேட்பதில்லை. நானும் பல கதைகளில் தேடிப் பார்த்துவிட்டேன். அந்தக் கேள்வியைப் பாத்திரம் ஒன்றின் வாயில் வைத்த கதைகள் மிகச் சிலவே.

இதைவிட எரிச்சலூட்டுவது காலப் பயணம். மூன்றாம் நூலில் சில மணி நேரம் பின்னோக்கிப் போக உதவும் டைம் டர்னர் ஒரு மூடிய வட்டம்: ஏரிக்கரையில் காவல் மந்திரத்தை ஏவியவன் பிற்பொழுதிலிருந்து திரும்பி வந்த அதே ஹாரிதான்; நடந்தது எதுவும் மாறவில்லை. ஐந்தாம் நூலின் அமைச்சகச் சண்டையில் அங்கிருந்த டைம் டர்னர்கள் அத்தனையும் நொறுங்குவதால், பிறகு யாரும் அதை எடுத்து வரவும் வழியில்லை. (2016இல் மேடையேறிய ஹாரி பாட்டர் நாடகம் கடந்த காலத்தை மாற்றலாம் என்று காட்டியதை, என்னைப் போன்ற பழைய வாசகர்கள் பலர் கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை.) ரசிகர் கதைகளில் மிகப் பிரபலமான வகையில், போரில் எல்லாவற்றையும் இழந்த ஹாரி தன் முழு நினைவோடு பதினொரு வயது உடலுக்குத் திரும்புகிறான். வகையில் எனக்கு ஆட்சேபம் இல்லை. திரும்பியவன் என்ன செய்கிறான் என்பதில்தான் சிக்கல்.

1991 செப்டம்பர் 1 அன்று ரயில் பெட்டியில் எதிரே உட்கார்ந்திருக்கும் ரானிடம் அந்த எலி இருக்கிறது. அதைப் பிடித்து ஒப்படைத்தால் சிரியஸ் வெளியே வந்துவிடுவார் என்பது திரும்பி வந்த ஹாரிக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அவன் காத்திருக்கிறான். கேட்டால், காலவரிசையை அதிகம் கலைக்கக் கூடாதாம். காலவரிசையைக் கலைப்பதற்கென்றே வந்தவன் சொல்லும் காரணம் இது! அதே வேளையில் அவன் பள்ளியின் எதிர் இல்லமான ஸ்லிதரினில் சேர்ந்திருப்பான், மூலத்தில் பகைவனான மால்ஃபாயோடு நட்பாகியிருப்பான், தன்னை வெறுத்த ஆசிரியர் ஸ்னேப்பிடம் பாராட்டு வாங்கியிருப்பான். இவையெல்லாம் கலைப்பதில் சேராது போலும்.

இன்னொரு பக்கம், எத்தனை மாறினாலும் மூலக் கதையின் சம்பவங்கள் அட்டவணை தவறாமல் வந்து நிற்கின்றன. ஹாலோவீன் இரவில் ட்ரோல் என்ற பூதம் வருவது சரி, அதை உள்ளே விட்டவர் ஆசிரியர் குவிரல், அவர் மாறவில்லை. ஆனால் சக மாணவி ஹெர்மயனி மூலத்தில் அந்த நேரத்தில் மாணவியர் கழிப்பறையில் அழுதுகொண்டிருந்ததற்குக் காரணம், ரான் அவளைப் பற்றிச் சொன்ன சுடுசொல். ரசிகர் கதையிலோ ரான் அவளோடு பேசியதே இல்லை, அவளுக்கு முதல் வாரத்திலேயே நான்கு நண்பர்கள் கிடைத்துவிட்டார்கள். இருந்தும் அவள் அதே கழிப்பறையில் இருக்கிறாள், ட்ரோல் அதே கதவைத் திறக்கிறது. காரணத்தை அகற்றிவிட்டு விளைவை மட்டும் வைத்துக்கொள்ளும் இந்தப் பழக்கம், நன்றாக எழுதும் கைகளிடத்தும் இருக்கிறது. மூலத்தின் ஏழாண்டுச் சட்டகத்தை விட்டு விலகினால் அடுத்து என்ன எழுதுவது என்ற அச்சமே இதற்குக் காரணம் என்பது என் கணிப்பு.

அடுத்து கிரிங்காட்ஸ் வங்கி. அதை நடத்தும் குள்ள இனத்தாரான கோப்ளின் ஒருவர் காகிதச் சுருளை நீட்டுகிறார். ஹாரி ஒரு சொட்டு இரத்தம் விடுகிறான். பாட்டர், பிளாக், கிரிஃபிண்டோர், ஸ்லிதரின், சில கதைகளில் மெர்லின் வரை அவனே வாரிசு என்று எழுத்துகள் தோன்றுகின்றன. பழைய தமிழ்ப் படங்களில் வக்கீல் உயிலை வாசித்ததும் ஏழைக் கதாநாயகன் ஜமீன்தாராகும் காட்சி தோற்றுவிடும். மூல நூல்களில் இப்படியொரு இரத்தச் சோதனையே கிடையாது. சிரியஸின் வீடு ஹாரிக்குச் சேர்ந்ததா என்று அறிய, ஆறாம் நூலில் தலைமையாசிரியர் டம்பிள்டோர் செய்வது ஒன்றே ஒன்று: அந்த வீட்டின் ஏவலாளான கிரீச்சருக்கு ஒரு கட்டளை இடும்படி ஹாரியிடம் சொல்கிறார். கிரீச்சர் வேண்டாவெறுப்பாகக் கீழ்ப்படிகிறது, வாரிசுரிமை உறுதியாகிவிடுகிறது. அந்தச் சிக்கனம் இந்தக் கதைகளுக்கு வாய்ப்பதில்லை.

பணக் கணக்கு இன்னும் மோசம். மந்திரவாதிகளின் நாணயத்தில் ஒரு கேலியனுக்குப் பதினேழு சிக்கிள், ஒரு சிக்கிளுக்கு இருபத்தொன்பது நட். ஆக ஒரு கேலியன் 493 நட். ஹாரியின் மந்திரக்கோல் ஏழு கேலியன். பரிசுக் குலுக்கலில் விழுந்த 700 கேலியனைக் கொண்டு வீஸ்லி குடும்பம் முழுவதும் எகிப்தில் ஒரு மாதம் தங்கித் திரும்புகிறது. முத்தரப்புப் போட்டியின் பரிசான 1,000 கேலியன், இரட்டையர்கள் கடை தொடங்குவதற்கு முதலாகிறது. இந்த அளவுள்ள பொருளாதாரத்தில் பதினொரு வயதுப் பையனின் பெட்டகத்தில் கோடிக்கணக்கில் கேலியன்கள் இருந்தால், அந்த நாட்டின் அமைச்சகத்தையே அவன் விலைக்கு வாங்கிவிடலாம். ஆனால் அடுத்த அத்தியாயத்தில் அவன் புதிய அங்கிகளும் ஒரு மந்திரப் பெட்டியும் வாங்குவதோடு அந்தச் செல்வத்தின் வேலை முடிந்துவிடுகிறது. கோப்ளின்களின் நிலையோ பரிதாபம். செய்தவரே பொருளுக்கு உரியவர், வாங்கியவர் வாழ்நாள் வாடகைக்காரர் மட்டுமே என்ற கடுமையான கொள்கையும், மந்திரவாதிகள்மீது நூற்றாண்டுக் கசப்பும் உடைய இனம் அது. ஹாரி மரியாதையாக ஒரு வணக்கம் சொன்னவுடன் அந்தக் கசப்பு முழுவதும் கரைந்து, அவன் சொத்தை இரவும் பகலும் காக்கும் கணக்கப்பிள்ளைகளாக அவர்கள் மாறிவிடுகிறார்கள்.

அந்தக் கணக்குப் புத்தகங்களிலிருந்துதான் டம்பிள்டோரின் குற்றங்களும் வெளிவருகின்றன. பிடிக்காத பாத்திரத்தை மட்டம்தட்டுவதை ரசிகர்கள் பேஷிங் என்பார்கள்; ரான், அவன் தாய் மாலி, டம்பிள்டோர் ஆகிய மூவரும் இதில் அதிகம் அடிபடுகிறார்கள். ஒரு பாத்திரத்தை வேறு கோணத்தில் தீயவராகக் காட்டுவது எழுத்தாளரின் உரிமை. ஆனால் ஒரு தலைமுறையையே சதுரங்கக் காய்களாக நகர்த்தும் சூழ்ச்சிக்காரர், ஹாரியின் பெட்டகத்திலிருந்து மாதாமாதம் எடுத்த தொகையைத் தன் பெயரிலேயே ரசீதோடு வங்கியில் பதிந்து வைத்திருப்பார் என்பதை எப்படி நம்புவது? எதிரியை முட்டாளாக்கிக் கிடைக்கும் வெற்றியில் நாயகனுக்கு என்ன பெருமை?

மூலத்தில் பெயரளவுக்கு வந்தவர்களை விரித்து எழுதுவதை மட்டும் நான் குறையாகச் சொல்ல மாட்டேன். டாஃப்னி கிரீன்கிராஸ் ஐந்தாம் நூலின் தேர்வுக் காட்சியில் ஒரு பெயராக வந்து போகிறாள். ரசிகர்கள் அவளுக்கு ஒரு குடும்பம், ஒரு குணம், ஒரு வாழ்க்கையையே கட்டியிருக்கிறார்கள். முதல் நூலில் வெறும் பெயராக இருந்த பிளேய்ஸ் சபினியைப் பல கதைகள் பெண்ணாக எழுதின. 2005இல் ஆறாம் நூல் அவன் ஆண் என்று காட்டியபோது அந்தக் கதைகள் ஒரே நாளில் பொய்த்துப்போயின. அது ஓட்டையாகாது, தொடர் முடிவதற்குள் எழுதத் துணிந்ததற்குக் கிடைத்த தண்டனை.

மேரி சூ பற்றியும் ஒரு சொல். ஸ்டார் ட்ரெக் ரசிகர் கதைகளைக் கேலி செய்து பாலா ஸ்மித் 1973இல் எழுதிய சிறு பகடியில் வரும் குறையே இல்லாத பதினைந்தரை வயது லெப்டினன்ட்டின் பெயர் அது. ஹாரியின் பள்ளியான ஹாக்வார்ட்ஸில் புதிதாக வந்து சேரும் அழகிய மாணவியை உடனே மேரி சூ என்று ஏளனம் செய்பவர்கள், ஒரே கோடையில் பத்து மொழிகளும் வாள்வீச்சும் கற்று வரும் ஹாரியை மட்டும் ஆவலோடு படிக்கிறார்கள். இரண்டும் ஒரே நோய்தான்.

இடமும் காலமும் பற்றிய பிழைகளை விரைவாகச் சொல்லிவிடலாம்: ஸ்காட்லாந்தின் கோட்டைப் பள்ளியில் அமெரிக்க உயர்நிலைப் பள்ளியின் உணவுக்கூடமும் பிராம் நடனமும் வருகின்றன, 1990களின் முற்பகுதியில் பாத்திரங்கள் கைப்பேசியில் குறுஞ்செய்தி அனுப்பிக்கொள்கிறார்கள்.

இத்தனை எரிச்சலோடும் ஏன் படிக்கிறேன் என்றால், விலையை மறக்காத கதைகள் இருப்பதால்தான். அத்தகைய ஒன்றில் சிரியஸ் 1981லேயே விடுதலையாகி ஹாரியை வளர்க்கிறார். ஆனால் பெரியம்மா பெட்டூனியாவின் கூரையின் கீழ் இருந்தால் மட்டுமே கிடைக்கும் தாய் லில்லியின் இரத்தப் பாதுகாப்பை அந்தக் குழந்தை இழக்கிறது. அன்பான வீடு கிடைத்ததற்கு ஈடாக ஒவ்வொரு இரவும் காவல் தேவைப்படுகிறது. வேலையும் தூக்கமும் நட்பும் அந்தக் காவலுக்கு இரையாகின்றன. மந்திரச் சண்டைகள் குறைவு, படிக்கத் தெவிட்டவில்லை.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு என் பயன்பாட்டு முறையைச் சொல்கிறேன். மேற்சொன்ன காப்பகத்தில் முடிந்த கதைகளை மட்டும் வடிகட்டிக் காட்டும் வசதி உண்டு. முதலில் அதை இயக்குங்கள், பாதியில் நின்ற கதைகளின் ஏமாற்றத்தைத் தவிர்க்கலாம். குறிச்சொற்களில் பேஷிங் என்று இருந்தால், அதை எழுதியவரின் நேர்மைக்கு நன்றி சொல்லிவிட்டு நகருங்கள். பிடித்த கதையை இபப் என்ற மின்னூல் கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், எழுதியவர் எப்போது வேண்டுமானாலும் நீக்கிவிடலாம். மூல நூல்கள் நினைவில் மங்கியிருப்பவர்களுக்கு இந்த வாசிப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். எது மூலம், எது ரசிகர்கள் சேர்த்தது என்பது சில மாதங்களிலேயே குழம்பிவிடும். மற்றவர்கள் தயங்காமல் இறங்கலாம். மூன்றாம் அத்தியாயத்துக்குள் ஹாரி வங்கிக்குப் போய்விட்டால் மட்டும் அந்தக் கதையை மூடிவிடுங்கள்.