தாய்க்குத் துணை நின்ற டூலா சேவை

அமெரிக்காவில் என்னோடு பணிபுரியும் கானா நாட்டுத் தோழி, தம் இரண்டாவது பேறுகாலத்துக்கு, ஆப்பிரிக்காவிலிருந்து குடியேறிய பெண்கள் நடத்தும் சிறிய டூலா சேவை ஒன்றை அமர்த்திக்கொண்டார். டூலா என்பவர் பேறுகாலத்தில் தாய்க்கு உடனிருந்து துணைபுரியப் பயிற்சி பெற்றவர். பல நாள் உடனிருந்து பார்த்தவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். 2021இல் அமெரிக்காவில் ஒரு லட்சம் பிறப்புகளுக்குக் கறுப்பினத் தாய்மார் 69.9 பேரும் வெள்ளையினத் தாய்மார் 26.6 பேரும் இறந்ததாக அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் பதிவு செய்திருக்கிறது. முதல் பிரசவத்துக்குப் பின் தோழி கடுமையான தலைவலி என்று சொன்னபோது, மருத்துவமனையில் அதைக் களைப்பு என்று ஒதுக்கிவிட்டார்கள். இம்முறை டூலா, அத்தகைய தலைவலியும் பார்வை மங்கலும் உயர் இரத்த அழுத்தத்தின் அறிகுறியாக இருக்கக்கூடும் என்பதை முன்கூட்டியே விளக்கி, நாள்தோறும் அழுத்தத்தை அளந்து குறித்துவைக்கப் பழக்கி, மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றை எழுதியும் கொடுத்தார். டூலா சிகிச்சை அளிப்பவர் அல்லர். ஆனால் தாயின் சொல் செவிமடுக்கப்படும்வரை அருகிலிருந்து நகராதவர்.

என்னை நெகிழவைத்தது வேறொன்று. தாய் கானாவின் துவி மொழியில் பேசினாலும் ஆங்கிலத்திலேயே பதில் சொல்லிவந்த மூத்த மகளுக்குத் தலை பின்னிவிட்டபடியே, டூலா துவி மொழியில் கதை சொல்லுவார். மூன்றாம் வாரத்தில் அந்தச் சிறுமி தம்பியை அம்மொழியிலேயே கொஞ்சினாள். பாட்டி அருகில் இல்லாத வீட்டில் தோழி அன்று அழுதுவிட்டார்.

குறையும் உண்டு. வார இறுதி இரவுகளில் அழைத்தால் பதில் கிடைப்பதில்லை. பச்சிளங்குழந்தை உள்ள வீட்டுக்கு இது சிறிய குறையன்று. குறைந்த வருமானத்தினருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகெய்டு வழியாக டூலா கட்டணம் கிடைப்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறுபடுவதால், அமர்த்தும் முன் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.