டெல்டா ரோட்டில் சைக்கிள் ஹெல்மெட்: பல வருடம் போட்டபின்

லாரி மோதினால் இது காப்பாற்றுமா என்பதுதான் ஹெல்மெட் வேண்டாம் என்பவர்களின் முதல் கேள்வி. பெரும்பாலும் காப்பாற்றாது. சைக்கிள் ஹெல்மெட்டுக்கான ஐரோப்பியத் தரம் இ.என். 1078; அதன் சோதனையில் ஹெல்மெட்டைத் தட்டையான இரும்பில் இடிக்கும் வேகம் மணிக்குச் சுமார் 20 கி.மீ.தான். ஆனால் தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி பக்கம் சைக்கிளில் விழுபவர்கள் எல்லாரும் லாரி இடித்தா விழுகிறார்கள்? குறுவை அறுவடையில் பாதி ரோட்டில் நெல் காயும். அதன்மேல் பிரேக் பிடித்தால் முன்சக்கரம் பக்கவாட்டில் வழுக்கும், ஆள் தோளோடு சாய்வார், நெற்றிப்பொட்டு தாரில் அடிக்கும். ஐப்பசி மழையில் வாய்க்கால் கரை வண்டலும் அதே வேலையைத்தான் செய்யும். இந்த மாதிரி விழுகைக்குத்தான் ஹெல்மெட்டுக்குள் இருக்கும் அந்த நுரை.

சைக்கிளுக்கு ஹெல்மெட் போடச் சொல்லும் சட்டம் நம்மிடம் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 129-ஆம் பிரிவு மோட்டார் சைக்கிளுக்கானது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா 1990-ல் கட்டாயமாக்கியது, அதனால் சைக்கிள் விடுபவர்களே குறைந்தார்களா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் இத்தனை பேர் சைக்கிளில் போகும் ஊரில் அபராதம் போடுவது சரிவராது என்பது என் கட்சி. போட்டுக்கொள்வது வேறு விஷயம்.

வாங்கும்போது டேப்பைப் புருவத்துக்கு மேல் சுற்றி அளவெடுங்கள். முன்விளிம்பு புருவத்திலிருந்து இரண்டு விரல் உயரத்தில் நிற்க வேண்டும். இருபக்க வாரும் காதுக்குச் சற்றுக் கீழே சேர வேண்டும். வாரைப் போடாமல், பின்னால் உள்ள டயலை மட்டும் இறுக்கிவிட்டுக் குனியுங்கள்; கழன்று விழுந்தால் சைஸ் பெரிது. கொண்டை போட்டால் பின்பிடி மேலேறி முன்பக்கம் கண்ணை மறைக்கும். தாழ்வாகப் பின்னல் போட்டு டயலுக்குக் கீழே விடலாம். மல்லிகைச் சரத்தையும் அதற்குக் கீழேதான் வைக்க முடியும்.

வெயிலைவிட வியர்வைதான் இங்கே பெரிய தொல்லை. தேங்காயெண்ணெயும் வியர்வையும் ஊறிய பஞ்சுப் பட்டைகள் பிசுபிசுக்கும், கார்த்திகை ஈரத்தில் பூசணம் பிடிக்கும். கழற்றி, குளிக்கிற சோப்பில் அலசி, நிழலில் காயவையுங்கள். வெல்க்ரோ பிடிப்பு விட்டால் பட்டையை மட்டும் மாற்றினால் போதும். வெயிலில் நிற்கும் காருக்குள் ஹெல்மெட்டை விடாதீர்கள், நுரை வளையும். பட்டறையில் கிரீஸ் பட்டால் பெட்ரோல் துணியால் துடைத்துத் தருவார்கள்; அதைத் தடுங்கள். பெட்ரோல் பட்ட இடத்தில் நுரை கரைந்து குழியாகும், மேல் ஓடு மட்டும் பளபளவென்று இருக்கும்.

பைக் ஹெல்மெட் வீட்டில் இருக்கிறதே என்று அதையே மாட்டுவதும் உண்டு. ஒரு கிலோவுக்கு மேல் கனம், காற்றும் புகாது. சித்திரையில் கல்லணைக் கால்வாய்க் கரையில் மிதித்தால் பாதி வழியில் கழற்றி ஹேண்டில்பாரில் தொங்கவிடத் தோன்றும். சைக்கிள் ஹெல்மெட் 300 கிராம் பக்கம்தான்.

ஒருமுறை நன்றாக அடிபட்ட ஹெல்மெட்டில் நுரை உள்ளே நசுங்கியிருக்கும். வெளியே விரிசல் தெரிய வேண்டும் என்பதில்லை, நசுங்கினது மீளவும் மீளாது. தூக்கிப் போடுமுன் வாரை வெட்டிவிடுங்கள். இல்லையென்றால் காயலான் கடை வழியாக அது இன்னொரு பையன் தலைக்குப் போய்விடும்.