கொள்ளா, ஓட்ஸா? முதலில் புல்லைப் பாருங்கள்

கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் என் குதிரை நிற்கும் லாயத்தில் இந்தப் பஞ்சாயத்து தீர்ந்ததே இல்லை. பந்தயக் குதிரைகளோடு பழகியவர்கள் ஓட்ஸ்தான் என்பார்கள். மெரினாவில் பல வருடம் குதிரை வைத்திருந்த பாய் கொள்ளை விட்டுக்கொடுக்க மாட்டார். இரண்டையும் மாதக்கணக்கில் கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

கொள்ளில் புரதம் ஏறக்குறைய 22 சதவீதம். ஓட்ஸில் அதில் பாதிதான். இளைத்த குதிரைக்கு முதுகில் சதை பிடிக்கக் கொள்ளு நன்றாக உதவும். ஆனால் பச்சையாகப் போடக் கூடாது. புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருள்கள் அதில் உண்டு. ஊறவைத்து வேகவைத்தால்தான் அடங்கும். சென்னையில் சிக்கலே இந்த ஊறவைப்பதில்தான். மே மாதத்தில் இரவு ஊறப்போட்டால் காலையில் நுரை கட்டிப் புளித்துக் கிடக்கும். அந்த வாடை வந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது போனதுதான், காலிக்கில், அதாவது கடும் வயிற்று வலியில், கொண்டுபோய் விடும். நான் காலை 5 மணிக்கு ஊறப்போட்டு, மதியத்துக்குள் வேகவைத்து, அன்றைக்கே தீர்த்துவிடுகிறேன்.

ஓட்ஸுக்கு அடுப்பே வேண்டாம். உமியோடு இருப்பதால் நார் உண்டு, மாவுச்சத்தும் பெரும்பாலும் சிறுகுடலிலேயே செரித்துவிடும். தானியங்களில் குதிரை வயிற்றுக்கு இதமானது இதுதான். ஆனால் கால்சியம் மிகக் குறைவு, விலையும் கூட. நசுக்கிய ஓட்ஸ் நம் ஊர் ஈரக்காற்றில் சீக்கிரம் காறல் வாடை அடிக்கும். மூட்டையாக வாங்கி அடுக்காதீர்கள்.

தினமும் கடுமையாக வேலை செய்யும் குதிரைக்கு என் ஓட்டு ஓட்ஸுக்கு, கூட ஒரு கை வேகவைத்த கொள்ளு. காலையில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு நாளெல்லாம் நிற்கிற குதிரைக்கு இரண்டுமே பெரிதாகத் தேவையில்லை. எதுவானாலும் ஒரு வேளைக்கு 2 கிலோவைத் தாண்ட வேண்டாம்.

அப்புறம், இந்தச் சண்டையில் யாரும் பேசாத விஷயம் புல். குதிரையின் இரைப்பை சிறியது, 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். அதில் அமிலம் இரவு பகலாகச் சுரந்துகொண்டே இருக்கும். அதனால் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மென்றுகொண்டிருக்க வேண்டும். 450 கிலோ எடையுள்ள குதிரைக்குக் காய்ந்த புல்லாக 7 முதல் 9 கிலோ வேண்டும். பச்சைப் புல் என்றால் 30 கிலோவுக்கு மேல் போகும்.

சென்னையில் சுலபமாகக் கிடைப்பது கோ-4, அதாவது கம்பு நேப்பியர். மாட்டுக்கு அருமையான தீவனம். குதிரைக்கு அதையே முழுத் தீவனமாக்கினால் ஆபத்து. அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாட்டின் முதல் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டை முன்கூட்டியே உடைத்துவிடும். குதிரைக்கு அந்த நுண்ணுயிர்கள் இருப்பது பெருங்குடலில். கால்சியம் உறிஞ்சப்படும் இடத்தையோ தீவனம் அதற்கு முன்னாலேயே தாண்டிவிடும். உடம்பு வேறு வழியில்லாமல் எலும்பிலிருந்து கால்சியத்தை உருவும்.

இது எனக்குப் படித்துத் தெரிந்ததல்ல. புல் கொண்டுவருபவர் கோ-4க்கு மாறினார், நானும் சரி என்றேன். கூடவே தினமும் கோதுமைத் தவிடு. தவிட்டில் கால்சியத்தைப் போல ஏறக்குறைய 10 மடங்கு பாஸ்பரஸ் என்று அப்போது தெரியாது. ஆறேழு மாதத்தில் நடை விறைத்தது. ஒரு நாள் முன்னங்கால், இன்னொரு நாள் பின்னங்கால். ஒரு காலை மூக்குப்பட்டையின் பக்கிளை ஒரு துளை தளர்த்த வேண்டி வந்தது. பட்டை மழையில் நனைந்து சுருங்கிவிட்டது என்று நினைத்தேன். பாய் கன்ன எலும்பின் மேல் இரண்டு விரலை வைத்து மெதுவாக அழுத்தினார். "பட்டை சுருங்கலை தம்பி, முகம் வீங்குது. டாக்டரைக் கூப்பிடு."

அருகம்புல்லைப் பந்தய லாயங்களில் ஹரியாலி என்பார்கள். எனக்கு முதல் இடம் அதற்குத்தான். மென்மையானது, குதிரை விரும்பித் தின்னும். ஒரே குறை, பல நேரம் வேரும் மணலுமாகப் பிடுங்கி வரும். உதறி, தண்ணீரில் அலசிப் போடுங்கள். மணல் குடலில் படிந்தாலும் காலிக்தான். சந்தேகமாக இருந்தால் சாணத்தை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து வையுங்கள், அடியில் மணல் தங்குகிறதா என்று தெரிந்துவிடும்.

பேரிலேயே குதிரை இருக்கும் தீவனப் பயிரான குதிரை மசாலில் (லூசெர்ன்) கால்சியம் தாராளம். கோ-4ஐத் தவிர்க்க முடியாதவர்கள் இதைச் சேர்த்தே ஆக வேண்டும். ஆனால் புரதம் அதிகம் என்பதால் இதை மட்டுமே போடக் கூடாது. வைக்கோலைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சத்தும் இல்லை, குடலையும் அடைக்கும்.

தவிட்டை நிறுத்தி, ஹரியாலிக்கு மாறி, குதிரை மசாலும் டாக்டர் சொன்ன கால்சியமும் கொடுத்ததில் என் குதிரையின் நடை சில மாதத்தில் சரியாகிவிட்டது. முகத்திலுள்ள மேடு மட்டும் முழுதாக வடியவில்லை. பக்கிள் இன்றும் அந்தத் தளர்த்திய துளையில்தான் நிற்கிறது.