பிள்ளைகளுக்கு ஒரே லாகின்: கூகுளா, மைக்ரோசாஃப்டா?

வீட்டுப்பாடத்துக்கு ஒரு பாஸ்வேர்டு, கணிதப் பயிற்சித் தளத்துக்கு இன்னொன்று, ஆன்லைன் தேர்வுக்கு மற்றொன்று என்று கொடுத்தால் ஆறாம் வகுப்புப் பிள்ளை எல்லாவற்றையும் டைரியின் கடைசிப் பக்கத்தில்தான் எழுதி வைக்கும். பள்ளி தரும் ஒரே கணக்கில் எல்லாத் தளங்களுக்குள்ளும் நுழைய வைப்பதுதான் சிங்கிள் சைன் ஆன். இதற்காக நம் ஊர்த் தனியார் பள்ளிகள் பெரும்பாலும் யோசிப்பது இரண்டைத்தான்: கூகுள் வொர்க்ஸ்பேஸின் எஜுகேஷன் ஃபண்டமென்டல்ஸ், மைக்ரோசாஃப்டின் ஆஃபிஸ் 365 ஏ1. தகுதியுள்ள பள்ளிகளுக்கு இரண்டுமே இலவசம்.

வகுப்பு நடத்த கூகுளின் கிளாஸ்ரூம் நல்லதா, மைக்ரோசாஃப்டின் டீம்ஸ் நல்லதா என்றே பேச்சு ஓடுகிறது. நான் முதலில் கேட்பது வேறு: பாஸ்வேர்டை மறந்த பிள்ளையை அடுத்த பீரியடுக்குள் யார் உள்ளே விடுவார்?

கூகுளில் வகுப்புவாரியாகப் பிரிவுகள் அமைத்து, அந்தப் பிரிவின் பாஸ்வேர்டை மாற்றும் உரிமையை மட்டும் வகுப்பாசிரியருக்குத் தரலாம். இதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. மைக்ரோசாஃப்டிலும் இப்படிப் பிரித்துக் கொடுக்க வழியுண்டு. ஆனால் அந்த உரிமையைப் பெறும் ஒவ்வொருவருக்கும் என்ட்ரா பி1 என்ற, கணக்குகளை நிர்வகிக்கும் கட்டண உரிமம் வேண்டும், அது ஏ1-இல் வராது. விளைவாக எல்லாக் கோரிக்கையும் கம்ப்யூட்டர் சார் ஒருவரின் தலையில் விழும்.

அடுத்தது இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு, அதாவது பாஸ்வேர்டு போட்ட பிறகு ஃபோன் வழியாகவும் ஒருமுறை உறுதிசெய்வது. மைக்ரோசாஃப்டில் புதிதாகத் தொடங்கும் பள்ளிக்கு அடிப்படைப் பாதுகாப்பு அமைப்பு தானாகவே இயங்கும். அது ஒவ்வொரு பயனரையும் சரிபார்ப்பு ஆப்பில் பதிவு செய்யச் சொல்லும். ஃபோனே இல்லாத ஒன்பது வயதுப் பிள்ளை என்ன செய்யும்? அதை அணைத்தால் ஆசிரியர் கணக்குகளும் சேர்ந்து பாதுகாப்பை இழக்கும். பிறகு அவர்களுக்கு மட்டும் ஒவ்வொருவராகத் திரும்பப் போட வேண்டும். பெரியவர்களுக்குக் கட்டாயம், பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று கூகுளில் பிரிவுவாரியாகவே வைத்துவிடலாம்.

வயது விஷயத்திலும் கூகுள் ஒரு படி முன்னால் நிற்கிறது. பள்ளி என்று பதிவானாலே எல்லோரையும் 18-க்குக் கீழ் என்றே அது எடுத்துக்கொள்ளும். யூடியூப் கட்டுப்பாட்டோடு வரும். வெளித் தளம் எதையும் பள்ளி நிர்வாகி அனுமதித்தால்தான் பிள்ளை அந்தக் கணக்கால் நுழைய முடியும். முதல் வாரம் 'அனுமதி இல்லை' என்ற அறிவிப்பு எரிச்சல் தரும், ஆனால் எந்தத் தளத்துக்குப் பிள்ளைகளின் விவரம் போகிறது என்ற பட்டியல் பள்ளியின் கையில் இருக்கும். 2023-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயதுக்குக் கீழே எல்லோரையும் குழந்தை என்றே சொல்வதால், இது பெரிய உதவி. மைக்ரோசாஃப்டில் வயதுப் பிரிவை நிர்வாகிதான் நிரப்ப வேண்டும்.

மைக்ரோசாஃப்ட் ஜெயிக்கும் இடங்களும் உண்டு. நம் பெயர்முறை அதில் இடிக்காது. கூகுள் குடும்பப்பெயர் என்ற கட்டத்தை நிரப்பியே ஆக வேண்டும் என்கிறது, அங்கே இனிஷியலைப் போட்டுச் சமாளிக்கிறோம். மைக்ரோசாஃப்டுக்குத் திரையில் தெரியும் காட்சிப்பெயர் ஒன்று போதும். அம்மாவின் ஆண்ட்ராய்டு ஃபோனில் படிக்கும் பிள்ளைக்கும் அது வசதி: டீம்ஸுக்குள் மட்டும் நுழைந்து வெளியேறலாம். கூகுள் கணக்கை ஃபோனில் சேர்த்தால் அம்மாவின் ஜிமெயிலோடு கலந்து குழப்பும்.

எதை எடுத்தாலும் பயனர்பெயரில் வகுப்பும் செக்‌ஷனும் வேண்டாம், ஜூனில் எல்லாம் மாறிவிடும். எமிஸ் எண்ணும் வேண்டாம். மின்னஞ்சல் முகவரி ஊரெல்லாம் சுற்றும், அரசுப் பதிவேட்டு எண் அப்படிச் சுற்றக் கூடாது. அட்மிஷன் நம்பர் போதும்.

அமெரிக்கப் பள்ளிகளில் கிளெவர் என்ற சேவை சின்னக் குழந்தைகளுக்குக் க்யூஆர் அட்டை தருகிறது, கேமராவில் காட்டினால் லாகின் ஆகிவிடும். அருமையான யோசனை, ஆனால் அது அந்த நாட்டுப் பள்ளி அமைப்பை மனத்தில் வைத்துக் கட்டியது. அதனால் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை நான் கணக்கே தர மாட்டேன்.

பத்தாம் வகுப்பு வரை உள்ள பள்ளிக்கு என் தேர்வு கூகுள். லேப் முழுக்க விண்டோஸ், கட்டண உரிமமும் உண்டு என்றால் மைக்ரோசாஃப்டே சரி. பிளஸ் டூ முடித்தவர்களின் கணக்கை உடனே அழிக்காதீர்கள். அழித்ததைக் கூகுளில் 20 நாட்கள், மைக்ரோசாஃப்டில் 30 நாட்கள் வரைதான் மீட்கலாம். கல்லூரி விண்ணப்பத்தில் பல பிள்ளைகள் பள்ளி மின்னஞ்சலைத்தான் கொடுத்திருப்பார்கள். கவுன்சலிங் முடியும்வரை விட்டுவையுங்கள்.