ஒரு முழ நகவெட்டியும் நிற்காத திருகாணியும்

என் நீளக் கைப்பிடி நகவெட்டியின் ஸ்பிரிங் போன மாதம் முறிந்தது. நேற்றுதான் வேறு போட்டு வாங்கி வந்தேன். நேரம் பார்த்தாற்போல் நண்பர் ஒருவர், "குனியாமல் கால் நகம் வெட்ட ஒன்று வைத்திருக்கிறீர்களே, அது எனக்கும் ஆகுமா?" என்று கேட்டார். ஒரு வரியில் பதில் சொல்ல வரவில்லை.

இடுப்பு மூட்டு மாற்று அறுவைக்குப் பிறகு வாங்கியது அது. இடுப்பை 90 பாகைக்கு மேல் மடக்காதீர்கள், கால்மேல் கால் போடாதீர்கள், பாதத்தை உள்பக்கமாகத் திருப்பாதீர்கள் என்று முதல் சில வாரங்களுக்கு எனக்குத் தடை போட்டிருந்தார்கள். இந்த மூன்றையும் ஒரே நேரத்தில் செய்வதற்குப் பெயர்தான் கால் நகம் வெட்டுவது. தடை நீங்கியது, வளையும் உடம்பு மட்டும் திரும்பி வரவில்லை. மகன்தான் வெட்டிவிட்டான். முகம் சுளிக்கவில்லை. ஆனாலும் அவன் தரையில் உட்கார்ந்து என் பாதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளும்போதெல்லாம் நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

கருவி வந்த அன்று கதவைச் சாத்திக்கொண்டு பத்து விரலையும் நானே வெட்டினேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவ்வளவு நிம்மதியாக ஒரு முக்கால் மணி நேரம் அந்த ஆண்டில் எனக்கு வாய்க்கவில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி திட்டப்போகிறேன்.

இதன் தலை சுழலும். அதற்காகத்தான் சாதாரண நீளக் கத்தரியை விட்டுவிட்டு இதை எடுத்தேன். ஒரு திருகாணியைத் தளர்த்தி, வெட்டும் வாயை வேண்டிய சாய்வுக்குத் திருப்பி, மறுபடி இறுக்க வேண்டும். இறுக்கினால் நிற்க வேண்டும் அல்லவா? பெருவிரல் முடியும், அடுத்த விரல் முடியும், மூன்றாவது விரலில் வாயை வைத்ததும் யாரோ கூப்பிட்டதுபோல் தலை மெல்லத் திரும்பும். ஒரு முழத்துக்கு அப்பால் நடப்பது என்பதால் கைக்கு அது தெரியாது. கைப்பிடியை நெருக்கும் கணத்தில் வாய் நகத்தை விட்டுச் சதையைக் கவ்வியிருக்கும். நான் இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவன். பொட்டளவு வெட்டுக்குக்கூடப் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், அழுத்தவும் அந்த இடம் எட்டாது.

நியாயமாகக் கணக்குப் போட்டும் பார்த்தேன். கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வளர்ந்தால் கால் நகம் அதில் பாதிதான் வளரும். ஏழு வாரத்துக்கு ஒருமுறை வெட்டுகிறேன். ஆக, நான்கு ஆண்டில் முப்பது தடவைதான் எடுத்திருக்கிறேன். முப்பது தடவைக்குத் தாங்காத ஸ்பிரிங்கும் ஒரு தடவைக்கே நிற்காத திருகாணியும்!

தீர்வு கிடைத்தது மனைவியின் நகப்பூச்சில். சாய்வைச் சரிசெய்து இறுக்கியபின் திருகாணியின் தலையில் ஒரு சொட்டு விட்டேன். காய்ந்ததும் அசையவில்லை, இரண்டு மூன்று தடவை வெட்டும் வரை தாங்குகிறது. சுழலும் தலை என்று பார்த்து வாங்கியதைச் சுழலவிடாமல் ஒட்டித்தான் பயன்படுத்த முடிகிறது.

மற்றபடி வாய் கூர்மையானது, அதைக் குறை சொல்ல மாட்டேன். குளித்தபின், ஈரத்தைத் துடைத்துவிட்டு, பாதத்தைத் தாழ்ந்த முக்காலியில் வைத்து, விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துக்கொள்கிறேன். அப்போதுதான் நகத்தின் வெள்ளை விளிம்புக்கும் சதைக்கும் இடையில் மெல்லிய நிழல் விழும். அந்த நிழல் தெரியாவிட்டால் நான் நெருக்குவதில்லை. தடித்த பெருவிரல் நகத்தை ஒரே கடியில் எடுக்காமல் ஓரத்திலிருந்து சிறிது சிறிதாக, நேர்க்கோட்டில் எடுக்கிறேன். முனைகளுக்கு அரம்தான். முதல் ஆண்டில் அழகு பார்த்து மூலையை வளைவாக வெட்டினேன், நகம் சதைக்குள் வளர்ந்து சீழ் பிடித்தது. நகமும் சதையுமாக இருப்பது உறவுக்குத்தான் நல்லது. மருத்துவர் ஓரத்தைக் கீறி எடுத்தார். பெருவிரல் நகம் முழுதாக வளர ஓராண்டுக்கு மேல் ஆகும் என்பதை அந்த விரலைத் தினமும் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அந்தத் தவறு மட்டும் என்னுடையது, கருவியின் மேல் போட மாட்டேன்.

இனி நண்பருக்கு. ஐயா, வாங்காதீர்கள். உங்களுக்கு இருபது ஆண்டாகச் சர்க்கரை. போன மழைக்காலத்தில் செருப்பு கழன்று பின்னால் கிடக்க, நாலடி நடந்தபின் நான் சொல்லித்தான் தெரிந்துகொண்டீர்கள். மருத்துவர் நைலான் இழையால் பாதத்தில் அழுத்தி, "படும்போது சொல்லுங்கள்" என்றபோது பாதி இடங்களில் பேசாமல் இருந்ததையும் நீங்களே சொன்னீர்கள். எனக்காவது சதை கடிபட்டால் வலி வந்து நிறுத்தும். உங்களுக்கு அது வராது, காலுறையில் கறை பார்த்துத்தான் தெரியும். அதற்குள் புண்ணாகியிருக்கும். பாதங்களைக் கவனிக்கிற மருத்துவரிடமோ பயிற்சி பெற்ற செவிலியரிடமோ நகத்தை ஒப்படையுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும், சுவரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மற்றவர்களுக்கும் இதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. திருகாணியைச் சரிசெய்யாமல் நான்கு ஆண்டாக அதே கருவியை விற்கிறவர்களுக்கு என் பங்குக்கு ஆள் சேர்த்துவிட மாட்டேன்.

நேற்று பழையது கைக்கு வரும் முன்பே இன்னொன்று வாங்கிவிட்டேன். முறிந்த மாதத்தில் மகன் இருமுறை, "நான் வெட்டிவிடட்டுமா அப்பா?" என்று கேட்டான். புதியது மேசை இழுப்பறையில் இருக்கிறது. பக்கத்திலேயே நகப்பூச்சுப் புட்டி.